எபோலா இல்லாத ஆள்

ஆப்பிரிக்காவில் எங்கேயாவது மறுபடி எபோலா என்று செய்தி வந்தால் அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு ஒரு போன் வரும். துறைமுகச் சுகாதார அலுவலகத்தில் என்னுடைய பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஷமீர்தான் கூப்பிடுவான். “சேட்டா, ஒரு சம்சயம்” என்று ஆரம்பிப்பான். சந்தேகம் எப்போதும் பாதுகாப்பு உடுப்பைப் பற்றித்தான். எந்தக் கையுறையை முதலில் கழற்றுவது, பூட்ஸை எப்போது கழுவுவது, கண்ணாடியில் ஆவி படிந்தால் என்ன செய்வது. நானும் பதில் சொல்வேன். கடைசியாகப் பேசியபோது அவனே, “இதெல்லாம் வீடியோவில் இருக்கு சேட்டா. வீடியோவில் இல்லாதது ஏதாவது இருந்தா எழுதித் தாங்க” என்றான்.

எழுதியிருக்கிறேன். எனக்கு எழுத வருவது தமிழில்தான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. யாராவது படித்துச் சொல்லட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எலிகளுக்காக. கப்பலில் எலி இருக்கிறதா, குடிநீர்த் தொட்டி சுத்தமா, சமையலறையில் கரப்பான்கள் எத்தனை தலைமுறையாகக் குடியிருக்கின்றன, மாலுமிகள் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது சுகாதார ஆய்வாளரின் வேலை. மட்டாஞ்சேரி வீட்டிலிருந்து தோப்பும்படிப் பாலம் வழியாகத் துறைமுகத்துக்கு சைக்கிளில் போனேன். பிறகு ஸ்கூட்டரில் போனேன். முதல் இருபது வருடங்களைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் அதிகம் இல்லை.

மஞ்சள் கொடியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். வெளிக்கடலில் மஞ்சள் கொடி ஏற்றிய கப்பலைப் பார்த்தால் அதில் நோய் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ‘எங்களுக்கு ஒன்றுமில்லை, உள்ளே விடுங்கள்’ என்பதுதான் அந்தக் கொடியின் அர்த்தம். ஒன்றுமில்லை என்கிறவர்களைப் போய்ப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றுகொண்டிருந்த காலத்தில் டாக்டர் அன்னம்மா எங்கள் அதிகாரியாக இருந்தார். கோட்டயத்துக்காரர். குள்ளமானவர், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மெதுவாகப் பேசுவார். மிகவும் மெதுவாகப் பேசினால் நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம். அவர் பேசியது மலையாளம். இங்கே தமிழில் எழுதுகிறேன், ‘கேட்டுக்கோ’ என்கிற மாதிரி வாக்கியக் கடைசியில் அவர் போடும் ‘கேட்டோ’வையும் இன்னும் ஒன்றிரண்டு சொல்லையும் மட்டும் விட்டுவைக்கிறேன்.

முந்திரிக்கொட்டையும் மரமும் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. அதனால் வாரம் ஒருமுறை துறைமுகக் கொட்டகையில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. உடுப்பைப் போடுவது சுலபம், யாருக்கும் வரும். ஆள் சாவது கழற்றும்போதுதான் என்பார் மேடம். எபோலா காற்றில் வருவதில்லை. நோயாளியின் ரத்தம், வாந்தி, வியர்வை, மலம் ஆகியவற்றைத் தொட்ட கை கண்ணுக்கோ வாய்க்கோ போகும்போது உள்ளே வருகிறது. அந்த ஊர்களில் அதிகம் பேருக்குத் தொற்றியது இறந்தவரைக் குளிப்பாட்டியதில்தான் என்றும் சொன்னார். அன்பு உள்ளவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

உடுப்பு போட்டதும் குங்குமம் கரைத்த தண்ணீரை எங்கள் மேல் ஊற்றுவார். பிறகு அவர் ஒவ்வொரு படியாக வாசிக்க வாசிக்க நாங்கள் கழற்ற வேண்டும். வெளிக் கையுறையை குளோரின் தண்ணீரில் கழுவு. ஏப்ரனை அவிழ்த்து முன்பக்கமாக உருட்டு. கையைக் கழுவு. கண்ணாடியைப் பின்பக்கமிருந்து எடு, முன்பக்கம் தொடாதே. கையைக் கழுவு. முழு உடுப்பை உள்பக்கம் வெளியே வரும்படி உருட்டிக் கீழே இறக்கு. கையைக் கழுவு. முகக்கவசம் கடைசியில். அடுத்த படியை நாமாகச் செய்யக் கூடாது, அவர் வாசித்த பிறகுதான் செய்ய வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு எங்களைச் சுற்றி நடந்து எங்கே சிவப்பு இருக்கிறது என்று பார்ப்பார்.

முதல் நாள் என் வலது காதுக்குப் பின்னால் இருந்தது.

“சுந்தரம் மரிச்சு போயி, கேட்டோ” என்று மற்றவர்களிடம் சொன்னார். “அடுத்த வாரம் மறுபடி வருவார்.”

அந்த மழைக்காலம் முடிகிற சமயத்தில், முந்திரிக்கொட்டை ஏற்றி வந்த ஒரு கப்பலின் கேப்டன் வெளிக்கடலில் நின்றபடி ரேடியோவில் செய்தி அனுப்பினார். ஒரு மாலுமிக்கு மூன்று நாளாகக் கடும் காய்ச்சல், வாந்தி, அன்று காலையில் மூக்கிலிருந்து ரத்தம். எபோலா இருந்த ஒரு துறைமுகத்திலிருந்து கிளம்பி இன்னும் மூன்று வாரம் ஆகவில்லை. நோய் உள்ளே ஒளிந்திருக்கக்கூடிய காலம் மூன்று வாரம்.

மேடம் எங்கள் நான்கு பேரையும் கூப்பிட்டு வரிசையாகக் கேட்டார்: “பயமுண்டோ?”

மூன்று பேர் இல்லை என்றார்கள். நான் இருக்கிறது என்றேன். தைரியத்தால் சொல்லவில்லை, உண்மையிலேயே இருந்தது.

“அப்ப சுந்தரம் வரட்டும்,” என்றார். “பயமில்லாதவன் காதுக்குப் பின்னால் கழுவ மாட்டான். அதுவுமில்லாமல் அந்த ஆள் தமிழன், கேட்டோ. தூத்துக்குடிப் பக்கம்.”

லாஞ்சுப் படகில் கப்பலுக்குப் போகும்போது மேடமும் நானும் ஆளுக்கொரு ஏப்ரனில் எங்கள் பெயரை மார்க்கரால் பெரிதாக எழுதினோம். உடுப்புக்குள் போய்விட்டால் யார் யாரென்று தெரியாது. என் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னார். “கண் மட்டும் தெரிகிற ஒரு உருவம் கதவைத் திறந்தால் அவனுக்கு எப்படியிருக்கும்? ஒரு பெயராவது இருக்கட்டும்.”

கப்பலில் கேப்டன் மரியாதையாக, இருபதடி தள்ளி நின்று பேசினார். காய்ச்சல்காரன் இருந்த அறையின் கைப்பிடியை வெளியிலிருந்து கயிற்றால் கட்டியிருந்தார்கள். வாசலில் மூன்று வேளைச் சாப்பாடு தட்டுகளில் அப்படியே இருந்தது. கதவைக் கட்டிவிட்டு வெளியே வைத்தால் எப்படிச் சாப்பிடுவான் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவிழ்க்க ஆள் இல்லை.

கயிற்றை அவிழ்த்து உள்ளே போனோம். முப்பது முப்பத்திரண்டு வயது ஆள் தரையில் கிடந்தான். கண் சிவந்து, உதட்டில் ரத்தம் உலர்ந்திருந்தது. என் மார்பில் எழுதியிருந்ததை நிறைய நேரம் பார்த்தான்.

“சுந்தரம்னு போட்டிருக்கு,” என்றான்.

“ஆமாம். மட்டாஞ்சேரி. உங்க பேர் என்ன?”

“அமலன்.”

மேடம் கேட்கச் சொன்ன கேள்விகளைக் கேட்டேன். கரையில் இறங்கினாயா? அங்கே நோயாளி யாரையாவது தொட்டாயா? ஏதாவது சாவுக்குப் போனாயா?

“கரைக்கு யாரையும் விடல. மூட்டை ஏத்த வந்த ஒரு ஆளு எங்க கப்பல்லயே மயங்கி விழுந்தான். வாந்தி எடுத்தான். நான்தான் தூக்கிட்டுப் போய் ஏணிகிட்ட விட்டேன்.”

“நீங்க எதுக்கு?”

“வேற யாரு தூக்குவா அண்ணாச்சி?”

மேடத்திடம் மொழிபெயர்த்தேன். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் எனக்கு உடுப்புக்குள் இன்னும் கொஞ்சம் வியர்த்தது.

அப்போது மேடம் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்திருந்த கை ரேடியோவில் லாஞ்சிலிருந்து கூப்பிட்டார்கள், அறைக்கு வெளியே வந்தோம். மேலிடத்திலிருந்து ரேடியோவில் ஒருவர் பேசினார். நோயாளியிடம் ஊசி குத்தக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, கீழே இறக்கக் கூடாது, உத்தரவு வரும்வரை கப்பலிலேயே இருக்கட்டும் என்றார். உத்தரவு எப்போது வரும் என்று மேடம் கேட்டார். கூட்டம் நடக்கிறது என்றார் அவர்.

மேடம் மிகவும் மெதுவாக, “சரியாகக் கேட்கவில்லை சார்,” என்றார். “கடலில் சிக்னல் மோசம்.” சொல்லிவிட்டு ரேடியோவை வைத்துவிட்டார்.

அன்று சிக்னல் நன்றாகவே இருந்தது. எனக்குத் தள்ளி நின்றே கேட்டது.

திரும்பி அறைக்குள் போய், பையிலிருந்து மலேரியா பரிசோதிக்கும் சின்ன அட்டையை எடுத்தார். அமலனின் கையை நான் பிடித்துக்கொண்டேன். விரல் நுனியில் குத்தும்போது அவன் உதறினால் ஊசி மேடம் கையில் ஏறும். அதற்குப் பிறகு நடப்பதை நாங்கள் இருவருமே படித்திருந்தோம். அவன் உதறவில்லை, உதறுவதற்கு வலுவில்லை. கால்மணி நேரம் கழித்து அட்டையில் இரண்டாவது கோடு தெரிந்தது.

“மலேரியா,” என்றார் மேடம். “மோசமான வகை. இன்று மருந்து உள்ளே போகாவிட்டால் கூட்டம் முடிவதற்குள் போய்விடுவான்.”

“அப்ப எபோலா இல்லையா மேடம்?”

“அப்படி யார் சொன்னது? ஒருவனுக்கு இரண்டும் வரலாம். இல்லை என்று புனே ஆய்வகத்திலிருந்து சொல்லட்டும். அதுவரை உண்டு என்று வைத்துக்கொள். கையைக் கழுவு.”

முதல் ஊசி மருந்தை அங்கேயே போட்டார். அப்போது அமலன் என்னிடம், “நான் செத்தா கடல்ல போட்டிருவாங்களா அண்ணாச்சி?” என்று கேட்டான்.

அவன் கேட்டதை மேடத்திடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அவனிடம் சொல்லு. செத்தால் என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. பெரிய தலைவலி. அதனால் சாகாமல் இருந்தால் எங்களுக்கு உபகாரம்.”

அப்படியே சொன்னேன். அமலன் பல் தெரியச் சிரித்தான். பல் ஈறெல்லாம் ரத்தம்.

கப்பலின் கிரேனிலேயே ஒரு கூடையைக் கட்டி அமலனையும் என்னையும் லாஞ்சுக்கு இறக்கினார்கள். அவனைத் தொடாமல் இறக்கும் எந்த வேலைக்கும் கப்பலில் ஆள் பஞ்சமில்லை. பாதி வழியில் கூடை ஆடியது, அவன் என் தோளில் சரிந்தான், நான் பிடித்துக்கொண்டேன். கரையில் நின்ற ஆம்புலன்ஸ் டிரைவர் சாவியை வண்டியிலேயே வைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போயிருந்தார். எந்தக் கடை என்று கடைசிவரை தெரியவில்லை. களமசேரிப் பக்கம் தனி வார்டு ஒதுக்கியிருந்தார்கள். அங்கிருந்தே இன்னொரு டிரைவர் உடுப்போடு வரும்வரை நாங்கள் வெயிலில் நின்றோம். என் பூட்ஸுக்குள் வியர்வை சளக் சளக்கென்றது.

அமலனை அனுப்பிவிட்டு, கொட்டகையில் மேடம் வாசிக்க நான் கழற்றினேன். அவரும் என்னோடு அதே வெயிலில் நின்றவர்தான், என்றாலும் ஒரு படியைக் கூட வேகமாக வாசிக்கவில்லை. பிறகு நான் வாசித்தேன், அவர் கழற்றினார்.

புனேயின் பதில் வரச் சில நாள் பிடித்தது. முதலில் எடுத்த ரத்தத்தில் இல்லை என்றார்கள். ஒரு தடவையை நம்பக் கூடாது என்று விதி, இரண்டு நாள் விட்டு மறுபடி எடுத்தார்கள். அதுவரை நான் வீட்டில் மாடி அறையில் இருந்தேன், காலையும் மாலையும் தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு. என் மனைவி விசாலம் படியில் சாப்பாட்டை வைத்துவிட்டுக் கீழே போய் நின்று பேசுவாள்.

“டிவியில உங்க கப்பலைக் காட்டறா. எபோலாக் கப்பல்னு பேரும் வச்சாச்சு,” என்றாள். “பால்காரன் இன்னிக்கு வரலை.”

“எனக்கு ஒண்ணும் இல்லை, விசாலம்.”

“அதைப் பால்காரன்ட்ட சொல்லுங்கோ. எனக்குத் தெரியும்.”

தெரியும் என்றவள் தட்டை எடுக்கும்போது புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவளைக் குறை சொல்வதற்கில்லை. நானே அந்த நாட்களில் கண்ணாடியில் என் கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாவது பதிலும் இல்லை என்றே வந்தது. மலேரியா மட்டும்தான். மறுநாளே பால் வந்தது. விசாலம் மாடிக்கு வந்து படுக்கை விரிப்பை எடுத்துப் போனாள். நான் வேலைக்குப் போனேன்.

அமலன் தேறி எழுந்தான். கப்பல் அவனை விட்டுவிட்டுப் போயிருந்தது. எபோலா இல்லை என்று அரசாங்க முத்திரையோடு சான்றிதழ் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து நான் அலுவலகம் வந்தபோது வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

“ஊருக்குப் போகலையா?”

“போன் போட்டேன் அண்ணாச்சி. வராதீயன்னு சொல்லுதா வீட்டுல. பிள்ளையளை ஸ்கூல்ல தனியா உக்கார வச்சிட்டாங்களாம். சர்டிபிகேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். எல்லாரும் பாத்திருக்காங்க. இல்லைன்னு எழுதிக் குடுக்கான்னா ஏதோ இருந்திருக்குன்னுதான அர்த்தம்னு கேக்காங்களாம்.”

மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீ அவன்கூடப் போ. அவன் வீட்டில் அவன்கூட உட்கார்ந்து சாப்பிடு. எல்லாரும் பார்க்கிற மாதிரி.”

“சர்டிபிகேட் கொடுத்திருக்கோமே மேடம்.”

“சர்டிபிகேட்டைத் தின்ன முடியுமா? நீ சோறு தின்னு.” பிறகு, “இதற்கு டியூட்டி போட முடியாது, கேட்டோ. லீவ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ,” என்றார்.

திருநெல்வேலி வரை ரயில், அப்புறம் இரண்டு பஸ். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். மத்தியான வெயிலில் இறங்கி நடந்தோம். நாங்கள் போகப்போக வாசலில் இருந்தவர்கள் உள்ளே போனார்கள். உள்ளே போனவர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். அமலன் யாரையும் பார்க்காமல் நடந்தான். வீட்டுக்கு முன்னால் வந்ததும் வாசற்படி ஏறாமல் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டான்.

அவன் மனைவி ஞானம் வாசலுக்கு வந்தாள். ஒல்லியான பெண், நெற்றியில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அவனை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். உடம்பு பாதியாகிவிட்டதை அப்போதுதான் பார்க்கிறாள் என்று தெரிந்தது. ஆனாலும் இறங்கி வரவில்லை. என்னிடம் பேசினாள்.

“நீங்க டாக்டரா?”

“இல்லம்மா. இன்ஸ்பெக்டர்.”

“போலீஸா?”

“சுகாதாரம். கப்பல்லேர்ந்து இவரை இறக்கினது நான்தான். இவருக்கு வந்தது மலேரியா. வேற ஒண்ணும் இல்லை.”

“நீங்க இவியளைத் தொட்டீயளா?”

“தொட்டுத் தூக்கினேன்.”

“உறை மாட்டிக்கிட்டுத்தான தொட்டிய?”

இத்தனை வருட உத்தியோகத்தில் என்னிடம் கேட்கப்பட்டதில் அதைவிட நியாயமான கேள்வி இல்லை. “சாப்பிடலாம்னு வந்தோம்,” என்றேன்.

ஞானம் உள்ளே போய் இரண்டு வாழையிலை எடுத்து வந்து மரத்தடியில் போட்டாள். ஒன்று எனக்கு. ஆறடி தள்ளி இன்னொன்று அவனுக்கு. எனக்குப் பரிமாறினாள். அவன் இலைக்குப் பக்கத்தில் சோற்றுப் பாத்திரத்தையும் குழம்புச் சட்டியையும் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள், அவனே போட்டுக்கொண்டான். அதற்குள் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஏழெட்டுத் தலைகள்.

என் இலையில் சோறும், குழம்பும், அதன் நடுவில் வால் நீட்டிக்கொண்டு ஒரு முழு மீனும் இருந்தன.

நான் மீன் சாப்பிடுகிறவன் இல்லை. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக யாரும் சாப்பிட்டதில்லை. மட்டாஞ்சேரியில் மூக்கைத் திறந்தால் கருவாட்டு வாசனை, ஆனால் வாயைத் திறந்ததில்லை. இதைச் சொல்லி மோர் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த மீனை நான் ஒதுக்கி வைத்தால் அந்தச் சுவருக்கு மேலே இருந்தவர்கள் அதற்கு என்ன அர்த்தம் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. சாமி, மதம், குலம் என்று அங்கே விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அதனால் மீனைத் தொட்டேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தலையைப் பிடித்துப் பார்த்தேன், வாலைப் பிடித்துப் பார்த்தேன். இலையைச் சுற்றி அது நழுவியது.

அமலன் பார்த்துக்கொண்டே இருந்தான். “அண்ணாச்சி மீன் திம்பியளா?”

“இன்னிக்குத்தான்.”

அவன் எழுந்தான். தன் இலையை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். என் இலையிலிருந்த மீனை இரண்டு விரலால் நடுவில் கீறி, முள்ளை ஒரே இழுப்பில் எடுத்துப் போட்டான். சதையை உதிர்த்து, அதிலிருந்த சின்ன முட்களையும் விரலால் தடவித் தடவி எடுத்து, என் சோற்றின் மேல் வைத்தான். வெறுங்கை. நகத்தில் குழம்பு.

பிசைந்து வாயில் போட்டேன். ருசியைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. இரண்டாவது வாயும் போட்டேன். மூன்றாவதில் அவன் விட்டுவிட்ட ஒரு முள் தொண்டையில் ஏறிக்கொண்டது.

இருமினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சுவரிலிருந்த தலைகள் ஒன்றாக உயர்ந்தன. அந்த ஊரில் எபோலா தொடங்கிவிட்டது என்று எல்லாரும் நினைத்த கணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஞானம் ஓடி வந்தாள். என் முதுகில் இரண்டு போடு போட்டாள். கீழே உட்கார்ந்து, அமலனின் இலையிலிருந்த வெறும் சோற்றை அள்ளிப் பெரிய உருண்டையாக உருட்டி, “மெல்லாம அப்படியே முழுங்குங்க அண்ணாச்சி,” என்று என் கையில் வைத்தாள். முழுங்கினேன். முள் இறங்கியது.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“ஒரு முள்ளு பாத்து எடுக்கத் தெரியல,” என்றாள். “இதுல கப்பல்ல போயி சம்பாதிக்கப் போறாராம்.”

“எடுத்தேன்டி. சின்ன முள்ளு, தெரியல.”

“தெரியல. கண்ணு மட்டுந்தான் மிச்சம் இருக்கு உங்க மூஞ்சியில, அதுவும் தெரியலையாக்கும்.”

சொல்லிக்கொண்டே அவன் கையைத் தட்டிவிட்டு, அவன் உதிர்த்து வைத்திருந்த மீனைத் தன் விரல்களால் மறுபடி பிரித்துப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு கை அவன் இலையிலும் ஒரு கை என் இலையிலுமாக, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள நேரமில்லாமல், இருவருக்கும் முள் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கிழவர், “ஏ ஞானம், ஸ்கூல்ல இருந்து பிள்ளையளைக் கூப்பிட ஆளு அனுப்பவா?” என்று கேட்டார்.

“அனுப்புங்க பெரியப்பா,” என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.